மண்ணிறப் பம்ப் எதை அடக்குது, எதை அடக்காது? நெல்லுத்தூசும் டோல் வாங்கிகளும் முட்டும்

வயலோரம் (சம்மாந்துறை)

பெரும்போக வெட்டு மாசியில் தொடங்கிவிடும். அதுக்குள்ள அரிசி ஆலையிலும் நெல் களஞ்சியத்திலும் வேலை செய்றவங்களுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) பற்றி அரை மணித்தியாலப் பேச்சும், ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமும் தமிழில் ஆயத்தம் பண்ணுறோம். எழுதிக்கொண்டு போகும்போது மூன்று இடத்தில் முடிச்சு விழுது.

டோல் வாங்கிகள், அதாவது நுண்ணுயிரை உணரும் கலப் புரதங்கள், பற்றீரியாத் துண்டுகளைக் கண்டு அழற்சியைத் தொடக்குது. மண்ணிறப் பம்பில் இருக்கிற ஸ்டீரொயிட் அந்த அழற்சியை அடக்குது. அப்போ மண்ணிறப் பம்பை ஒழுங்காக இழுக்கிறவருக்கு நெல்லுத்தூசு ஒண்டும் செய்யக் கூடாதே? வெட்டுக் காலத்தில் அவங்களுக்கும் நெஞ்சு இறுகுதே. ஸ்டீரொயிட் வாங்கியையே மூடுதா, இல்லை வாங்கிக்குப் பின்னால் நடக்கிறதையா?

இரண்டாவது, ஸ்டீரொயிட் சுவாசக்குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மேலணிக் கலங்களில் டோல்-2 வாங்கியைக் கூட்டும் என்று ஓரிடத்தில் போட்டிருக்கு. அடக்கிற மருந்து எப்படிக் கூட்டும்? அச்சுப்பிழையோ?

மூன்றாவது, ஆட்கள் கட்டாயம் கேட்கப்போற கேள்வி: "இது நிர்ப்பீடனத்தைக் குறைக்கிற மருந்தாமே, தூசுக்குள்ள நிற்கிறவன் இழுக்கலாமா? வெட்டு முடியும்வரைக்கும் அளவை இரண்டு மடங்காக்கலாமா?" இதுக்கு ஆளை ஏமாத்தாத பதில் வேணும். விசயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்க.

வாவிக்கரை

வாங்கியை மூடுறதில்லை. துண்டுப்பிரசுரத்தில் வராவிட்டாலும் பேச்சில் இதை முதலில் சொல்லுங்க, மற்ற இரண்டு முடிச்சும் இதோட அவிழும்.

நெல்லுத்தூசு என்றால் உமியும் தவிடும் மண்ணும் மட்டுமில்லை. கிராம் எதிர் என்ற வகைப் பற்றீரியாக்களின் வெளிச்சவ்வில் இருந்து உதிரும் இலிப்போபொலிசக்கரைட்டு அதில் இருக்கு. என்டோடொக்சின் என்பது அதைத்தான். நனைந்த நெல்லிலும் ஈர வைக்கோலிலும் படரும் பங்கசின் பீற்றா-குளுக்கன் இருக்கு. களஞ்சிய உண்ணிகளின் எச்சமும் இருக்கு. பற்றீரியா செத்த பிறகும் என்டோடொக்சின் அப்படியே கிடக்கும். ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒட்டினதை அழிக்க 250 பாகை செல்சியஸ் உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைப்பார்கள். "புழுங்கல் நெல், அவிச்சதுதானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

இந்தத் துண்டுகள் சுவாசக்குழாயில் விழுந்ததும் சிடி14 என்ற புரதம் என்டோடொக்சினை ஏந்தி, எம்டி-2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து நிற்கும் டோல்-4 வாங்கியிடம் கொடுக்குது. டோல்-4 கலத்தின் உள்ளே மைடி88 என்ற புரதம் வழியாகச் செய்தி அனுப்ப, என்.எஃப் கப்பா-பி என்ற புரதம் கருவுக்குள் போய் அழற்சிக்கான பரம்பரை அலகுகளைத் திறக்குது. டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்ற செய்திப் புரதங்கள் வெளியே வரும். இன்டர்லூக்கின்-8 கூப்பிடுவது நியூட்ரோபில் என்ற வெண்குழியங்களை. இதை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

மனிதரில் வேலை செய்யும் டோல் வாங்கிகள் 10. டோல்-2 பற்றீரியா இலிப்போபுரதத்துக்கு, டோல்-5 பற்றீரியாச் சவுக்குமுளைப் புரதத்துக்கு. டோல்-3, 7, 8, 9 ஆகியவை கலத்துக்குள் இருக்கும் பைகளில் காத்திருந்து வைரசின் ஆர்.என்.ஏ, நுண்ணுயிரின் டி.என்.ஏ போன்றவற்றைப் பிடிக்கும். பங்கசுக்கு டெக்டின்-1 என்று வேறொரு குடும்பத்து வாங்கி. பழ ஈயில் டோல் என்பது பங்கசை எதிர்க்கத் தேவை என்று ஜூல்ஸ் ஹொஃப்மனின் குழு 1996 இலும், பாலூட்டியில் என்டோடொக்சினை உணர்வது டோல்-4 தான் என்று புரூஸ் பொய்ட்லரின் குழு 1998 இலும் காட்டினார்கள். 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு. பேச்சில் இதுக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீங்க.

இனி ஒவ்வாமைப் பக்கம். வீட்டுத்தூசி உண்ணியின் ஒரு புரதம் எம்டி-2 போலவே நடித்து டோல்-4 ஐத் தட்டி எழுப்பும். 2009 இல் வெளியான விசயம் இது. அதே உண்ணியின் இன்னொரு புரதம் நொதியமாக வேலை செய்து மேலணிக் கலங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பை வெட்டும். அடிபட்ட மேலணி மூன்று அபாயச் செய்திகளை விடும்: டி.எஸ்.எல்.பி, இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25. அவை உள்ளார்ந்த நிணநீர்க்கலங்களின் இரண்டாம் வகையை எழுப்ப, அந்தக் கலங்கள் இன்டர்லூக்கின்-5, 13 ஐக் கொட்டும். 5 இயோசினோபில் என்ற இன்னொரு வெண்குழியத்தை வளர்க்கும், 13 சளியைப் பெருக்கும். ஆக ஒரே டோல்-4 இரண்டு விதமான அழற்சிக்கு வாசலாகலாம்: நெல்லுத்தூசு பெரும்பாலும் நியூட்ரோபில் பக்கம் தள்ளும், மெத்தைத்தூசு இயோசினோபில் பக்கம். ஒரே ஆளில் இரண்டும் இருக்கலாம்.

ஸ்டீரொயிட் எங்கே வருது? அது கொழுப்பில் கரையும் மூலக்கூறு. மென்சவ்வைத் தாண்டி உள்ளே போய்க் குழியவுருவிலுள்ள குளுக்கோகோட்டிக்கொயிட் வாங்கியோடு சேர்ந்து கருவுக்குள் நுழையும். அங்கே இரண்டு வேலை. ஒன்று, என்.எஃப் கப்பா-பி திறந்துவைத்த இடத்துக்கு எச்டாக்-2 என்ற நொதியத்தைக் கூட்டிவந்து, அவிழ்ந்த டி.என்.ஏயைத் திரும்பச் சுருட்ட வைக்கும். மற்றது, கலம் தானே செய்யும் தடைப் புரதங்களை (ஏ20, கில்ஸ், டஸ்ப்-1) கூட்டும். இரண்டும் பரம்பரை அலகு மட்டத்து வேலை, அதனால் மணிக்கணக்கு எடுக்கும். அறிகுறி குறைய நாள்கள், கிழமைகள். குழாயின் எரிச்சல் முழுதாகத் தணிய மாதங்கள்.

நம்ம பக்கத்துக்குப் பழகின உவமை வேணுமென்றால் இப்படிச் சொல்லலாம்: குளத்துக்குள் வாற வெள்ளத்தை ஸ்டீரொயிட் நிப்பாட்டாது, வாய்க்காலுக்கு விடுற துருசைத்தான் தாழ்த்தும். தூசுக்குள் நின்றால் வெள்ளம் வந்துகொண்டே இருக்கும். துருசைத் தாழ்த்திவிட்டு, மழைக்குள் நிற்கிறவனுக்கு நனையாது என்று சொல்ல ஏலாது.

டோல்-2 அச்சுப்பிழை இல்லை. சுவாசக்குழாய் மேலணிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து ஸ்டீரொயிட் விட்டால் டோல்-2 கூடுவது பார்க்கப்பட்டிருக்கு. அழற்சிச் செய்தியைக் குறைத்துக்கொண்டு, வாசற்காவலை விட்டுவைக்கிற மாதிரி. ஆனால் இது கலவளர்ப்புத் தட்டில் கண்டது. துண்டுப்பிரசுரத்தில் போட்டால் ஆட்கள் பயப்படுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

வாடைக்காத்து

சேர், மாட்டுப்பட்டிக்குள்ள வளர்ற பிள்ளைகளுக்கு முட்டு குறைவு என்று சொல்றாங்களே? அப்போ என்டோடொக்சின் நல்லதா கெட்டதா?

வாவிக்கரை

எந்த வயதில், எவ்வளவு என்பதில் இருக்கு. அமெரிக்காவில் பரம்பரை ஒத்த இரண்டு வேளாண்மைச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016 இல் வந்தது. மாட்டோடு மாடாக வாழும் அமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா ஏறக்குறைய 5 வீதம், இயந்திரமயமான பண்ணை வைத்திருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21 வீதம். அமிஷ் வீட்டுத்தூசில் என்டோடொக்சின் 6 மடங்குக்கு மேல். எலிகளில் மைடி88 உம் அதன் துணைப்பாதையும் இல்லாமல் செய்தபோது அமிஷ் தூசின் பாதுகாப்பும் போய்விட்டது. அதாவது பாதுகாத்ததும் இதே உள்ளார்ந்த பாதைதான்.

அது குழந்தைப் பருவத்தில், நாளாந்தம், வீட்டுத்தூசு அளவில் படுவது. வளர்ந்து முட்டு வந்த ஒருவர் உமித்தூசு பறக்கிற ஆலைக்குள் 8 மணித்தியாலம் நிற்பது வேறு கதை. நெதர்லாந்தில் 2010 இல் வேலைத்தலத்துக்கு முன்வைத்த எல்லை 8 மணித்தியாலச் சராசரியாகக் கனமீற்றருக்கு 90 என்டோடொக்சின் அலகு. தானியத்தூசு வேலைகளில் அதைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

குளிசைப்பெட்டி

வாங்கி, கரு, டி.என்.ஏ எல்லாம் சரி. மருந்து அங்கே போய்ச் சேர்ந்தால்தானே அந்தக் கதை! தம்பி வயலோரம், உங்க பேச்சில் பாதி நேரத்தை இழுக்கிற முறைக்கே விடுங்க. "ஒழுங்காக இழுக்கிறவர்" என்று எழுதியிருக்கீங்க, அந்த ஆளை உங்களுக்கு முன்னால் ஒருக்கா இழுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்க, விளங்கும்.

இங்க ரெண்டு வகை புழக்கத்தில் இருக்கு: பம்பும், தூள் அடைத்த கப்சியூலும். ரெண்டுக்கும் இழுக்கிற வேகம் நேர் எதிர். பம்ப் என்றால் மெதுவாக, 4–5 செக்கனுக்கு நீட்டி. கப்சியூல் என்றால் தொடக்கத்திலேயே பலமாக, வேகமாக. ரெண்டையும் மாறிச் செய்றதுதான் நான் சொல்ற முதலாவது பிழை. பம்பை வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் அடிச்சு அங்கேயே நிற்கும். கப்சியூலை மெதுவாக இழுத்தால் லக்ரோசோடு ஒட்டியிருக்கிற மருந்துத் தூள் பிரியாது, வாயோட சரி.

கப்சியூலை விழுங்குறது இரண்டாவது பிழை. சிரிக்காதீங்க. "கப்சியூல் ஒண்டு காலையில், ஒண்டு இரவில்" என்று மட்டும் சொல்லிவிட்டால் குளிசை மாதிரித்தான் விழுங்குவாங்க. துண்டுப்பிரசுரத்தில் "விழுங்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் போடுங்க.

மூன்றாவது ஈரம். வாவியும் கடலும் சுத்தி இருக்கிற ஊர், மாரியில் உப்புப் போத்தலே கசியும். கப்சியூல் போத்தலின் மூடியைத் திறந்தபடி வைக்கிறது, நாலு கப்சியூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போறது, கருவிக்குள்ளேயே மூச்சை விடுறது, கழுவின கருவியை ஈரத்தோட பாவிக்கிறது எல்லாம் தூளைக் கட்டியாக்கும். கட்டித் தூள் நுரையீரலுக்கு இறங்காது. கருவியைக் கழுவினால் ஒரு முழுநாள் காயவிட்டுப் பாவிக்கணும். மூச்சை வெளியே விடும்போது முகத்தை அங்கால திருப்பணும். கப்சியூலைப் போட்டு, கருவியைத் திருகித் திறந்து, படுக்கைவாட்டில் பிடிச்சு, உதட்டால் இறுக்கி, பலமாக இழுத்து, 10 செக்கன் பிடிச்சு விடணும். மறுகா திறந்து பார்க்கணும். தூள் மிச்சம் இருந்தால் இன்னொருக்கா இழுக்கணும்.

பம்புக்கு இடைக்குழாய் இருந்தால் நல்லது, சின்னப் பிள்ளைக்கும் வயசானவங்களுக்கும் கட்டாயம். கடையில் விலை கூட என்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் தண்ணிப் போத்தல் போதும். இது கை வைத்தியம் இல்லை, பிள்ளைகளில் வைத்துப் பார்த்த முறை. பம்பின் வாயைப் போத்தலின் அடியில் வைச்சு அளவு கீறி, சூடாக்கின கம்பியால் அந்த வடிவத்துக்கு ஓட்டை போட்டு, இடைவெளியைப் பசையால் அடைக்கணும். போத்தல் வாய்தான் ஆளின் வாய்ப்பக்கம். பிளாஸ்ரிக்கில் நிலைமின் இருந்தால் மருந்து சுவரில் ஒட்டும், அதனால பாத்திரம் கழுவுற சவர்க்காரத் தண்ணியில் தோய்ச்சு, துடைக்காமல், தானாக வடிஞ்சு காயவிடணும். துணியால் துடைச்சால் நிலைமின் திரும்ப ஏறிடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு அடி. ரெண்டு அடியைச் சேர்த்து அடிச்சால் துளிகள் ஒண்டோடொண்டு ஒட்டிச் சுவரில் படியும். பிள்ளை என்றால் அடிச்சதும் 5–6 தடவை சாதாரணமாக மூச்சு எடுக்க விடுங்க.

பம்ப் முடிஞ்சதா என்று தண்ணியில் மிதக்கவிட்டுப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகல. காற்றழுத்த வாயு மிச்சம் இருக்கும், மருந்து முடிஞ்சிருக்கும், அடிக்கும்போது "புஸ்" என்றும் கேட்கும். கணக்குத்தான் வழி. 200 தடவை அடிக்கிற பம்ப், காலையில் 2 இரவில் 2 என்றால் 50 நாள். தொடங்கின திகதியையும் 50 ஆம் நாளையும் உலோகக் குப்பியில் மார்க்கர் பேனையால் எழுதி வைங்க.

வாய் கொப்பளிக்கிறதைச் "செய்யலாம்" என்று எழுதாதீங்க, "செய்யணும்" என்று எழுதுங்க. இழுத்த மருந்தில் பெரும்பங்கு வாயிலும் தொண்டையிலும் படியும். அங்க நிர்ப்பீடனம் தளர்ந்தால் வெள்ளை படியிற பங்கசுப் புண் வரும், குரல் கம்மும். தொண்டைவரை கொப்பளிச்சுத் துப்பணும், விழுங்கக் கூடாது. பல் தீட்டுறதுக்கு முன்னால மருந்தை வைச்சுக்கொண்டால் மறக்காது.

மூச்சளவு

குளிசைப்பெட்டி அக்கா சொன்னது முடிந்த பிறகுதான் "ஸ்டீரொயிட்டுக்கு அடங்காத ஆஸ்துமா" என்ற பேச்சே எடுக்கலாம். முறை, ஒழுங்கு, தூசு, புகைத்தல் நாலையும் பார்க்காமல் அந்தப் பெயரை ஒருவர் மேல் ஒட்டக் கூடாது.

புகைத்தலைத் தனியாகச் சொல்கிறேன். வாவிக்கரை சேர் எழுதிய எச்டாக்-2 சிகரெட், பீடிப் புகையின் ஒட்சியேற்ற அழுத்தத்தில் வேலை குறைந்து போகும். ஸ்டீரொயிட் கருவுக்குள் போனாலும், சுருட்டச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அதே மண்ணிறப் பம்ப், அதே அளவு, பீடி பிடிக்கிறவருக்குக் குறைவாகத்தான் பிடிக்கும். ஆலைத் தொழிலாளர்களிடம் பேசும்போது நேரடியாகச் சொல்லக் கூடிய உண்மை இது: மருந்தின் காசைப் பீடி தின்கிறது.

அடுத்தது எந்தக் கலம். ஸ்டீரொயிட் இயோசினோபிலின் சாவை விரைவுபடுத்தும், ஆனால் நியூட்ரோபிலின் ஆயுளை நீட்டும். வெட்டுக் காலத்தில் நெஞ்சு இறுகுவதற்கு இதுவும் ஒரு விளக்கம். நியூட்ரோபில் மிகுந்த ஆஸ்துமாக்காரரின் சளியில் டோல்-2, டோல்-4 செய்திகள் கூடியிருப்பதும் காணப்பட்டிருக்கு. ஆனால் இதை வைத்து "நெல்லுத்தூசு முட்டுக்கு ஸ்டீரொயிட் வேலை செய்யாது" என்று தயவுசெய்து எழுத வேண்டாம். நூறு பேரில் யாருக்கு எது என்று பார்த்தவுடன் தெரியாது, மருந்தை நிறுத்தினால்தான் ஆபத்து. கனடாவில் நடந்து 2000 இல் வெளியான பெரிய ஆய்வில், குறைந்த அளவு இழுக்கும் ஸ்டீரொயிட்டை ஒழுங்காக எடுத்தவர்களில் ஆஸ்துமாச் சாவு குறைந்தது, நிறுத்திய முதல் மூன்று மாதத்தில் கூடியது.

எந்தப் பக்கம் சாய்வு என்று ஊகிக்க விலை கூடின பரிசோதனை தேவையில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனையில் மொத்த வெண்குழியத்தையும் இயோசினோபில் வீதத்தையும் பெருக்குங்க: 8000 இல் 5 வீதம் என்றால் 400. மைக்ரோலீற்றருக்கு 150 உம் அதற்கு மேலும் இருந்தால் ஸ்டீரொயிட் பக்கம் நம்பிக்கை. பொறிகள் மூன்று. குடற்புழு இருந்தாலும் எண்ணிக்கை ஏறும். கிட்டடியில் பிரெட்னிசொலோன் (ஸ்டீரொயிட்) குளிசை குடித்திருந்தால் பொய்யாக இறங்கும். 3000 ஐத் தாண்டி, இரவில் இருமல் கூடுதலாக இருந்தால் அது யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் வருத்தமாக இருக்கலாம், மருந்தே வேறு. இன்னொன்றும் சேர்க்கிறேன்: இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மெலிவு, இரவு வியர்வை என்றால் பம்பை மாற்ற முன்னம் காசநோய்க்குச் சளி கொடுக்க வேணும்.

வேலைத் தூசுதான் காரணமா என்று பார்க்க ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் உச்ச ஊதளவு கருவி ஒன்று போதும். ஒரு நாளைக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி அதில் கூடினதை எழுத வேணும். வேலை நாளும் லீவு நாளும் கலந்து 2 முதல் 4 கிழமை. லீவில் ஏறி வேலையில் இறங்கும் கோடு வந்தால் யாரும் விளக்கத் தேவையில்லை. ஆட்கள் விடும் பிழை, வேலைக்குப் போகும் முன் மட்டும் ஊதி எழுதுவது. என்டோடொக்சின் இறுக்கம் வேலை தொடங்கிச் சில மணித்தியாலம் கழித்து, சிலருக்குப் பொழுதுபட்டும் வரும். அந்த அளவு தப்பிவிடும்.

இனி இரண்டு மடங்கு கேள்வி. இழுக்கும் ஸ்டீரொயிட்டின் பயனில் பெரும்பகுதி குறைந்த அளவிலேயே கிடைக்கும்: வளர்ந்தவருக்குப் பெக்லோமெதசோன் நாளொன்றுக்கு 200–500 மைக்ரோகிராம், புடெசொனைட் தூள் 200–400, புளுட்டிக்கசோன் புரொப்பியோனேற் 100–250. அதற்கு மேலே ஏற ஏறப் பயன் கொஞ்சமாகவும் பக்கவிளைவு கூடுதலாகவும் ஏறும். முட்டு கூடும்போது இரண்டு மடங்காக்குவதால் பயன் இல்லை என்று சோதனைகள் காட்டிவிட்டன. நாலு மடங்கு ஆக்கின 2018 சோதனையில் வளர்ந்தவர்களுக்குச் சிறு பயன். அதே ஆண்டு பிள்ளைகளில் ஐந்து மடங்கு வைத்துப் பார்த்ததில் பயன் இல்லை. ஆகவே "வெட்டு வரைக்கும் டபுள்" என்பதை எழுதாதீங்க. குறைந்த அளவு போதாவிட்டால் அளவைக் கூட்டுவதைவிட, புடெசொனைட்டும் ஃபோர்மொடெரோலும் (குழாயை விரைவாகத் திறக்கும் மருந்து) சேர்ந்த பம்பை ஒழுங்குக்கும் அவசரத்துக்கும் ஒன்றாகப் பாவிப்பது மேல். வளர்ந்தவருக்கு நாளொன்றில் மொத்தம் 12 இழுப்பைத் தாண்டக் கூடாது. புளுட்டிக்கசோனும் சல்மெடெரோலும் சேர்ந்ததை அப்படி அவசரத்துக்குப் பாவிக்க ஏலாது, இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருப்பதால் இந்தப் பிழை நடக்கும்.

அவசரத்துக்கு இழுக்கும் நீலப் பம்ப் (சல்பியூட்டமோல்) வருசத்துக்கு 3 அல்லது கூடப் போனால் முட்டு முற்றும் ஆபத்து, 12 ஐத் தொட்டால் சாவு ஆபத்து. நீலம் குழாய்த் தசையைத் தளர்த்தும், மேலே சொன்ன டோல் சங்கிலியில் ஒரு கண்ணியையும் தொடாது.

வயலோரம் (சம்மாந்துறை)

டொக்டர், சேர், அக்கா எல்லாருக்கும் நன்றி. இப்படிச் சுருக்கியிருக்கிறேன், பிழை இருந்தால் வெட்டுங்க:

"மண்ணிறப் பம்ப் நிர்ப்பீடனத்தைக் குறைக்காது. தூசு உள்ளே போவதை இது தடுக்காது, ஆகவே முகமூடி கட்டாயம் அணியவும். கப்சியூலை விழுங்க வேண்டாம். முட்டு இல்லாத நாளிலும் இழுக்கவும். வாய் கொப்பளித்துத் துப்பவும். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்."

இன்னும் ஒண்டு. இந்த வருசங்களில் நோன்பும் வெட்டும் ஒண்டா வருது. அதுக்கும் ஒரு வரி வேணும்.

வாவிக்கரை

முதல் வரியை வெட்டுங்க. குறைக்காது என்பது உண்மை இல்லை. வாயில் பங்கசு வருவதே குறைப்பதற்குச் சாட்சி. கூடிய அளவில் நெடுநாள் எடுத்தால் உடலின் சொந்த ஸ்டீரொயிட் ஓமோன் சுரப்பும் தளரலாம். "சுவாசக்குழாயில் அளவுக்கு மிஞ்சிக் கிளம்பும் அழற்சியைத் தணிக்கும், குறைந்த அளவில் உடல் முழுதுக்கும் போவது சொற்பம்" என்று எழுதினால் எவரும் வந்து பிழை பிடிக்க ஏலாது. தடிமன் வைரசைப் பற்றிக் கேட்டால் இதையும் சொல்லலாம்: ஆஸ்துமாக்காரரின் மேலணிக் கலங்கள் ரைனோவைரசை டோல்-3 உம் மற்ற ஆர்.என்.ஏ வாங்கிகளும் கண்டபிறகும் இன்டர்ஃபெரோனைக் குறைவாகச் சுரப்பது சில ஆய்வுகளில் காணப்பட்டது. ஸ்டீரொயிட் ஆய்வுகூடத்தில் அதை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் ஆளில் பார்த்தால் ஒழுங்காக இழுக்கிறவருக்கு மாரிகாலத்து முட்டு குறைவுதான். ஆகவே தடிமன் வந்தவுடன் மண்ணிறத்தை நிறுத்துவது தலைகீழ் வேலை.

குளிசைப்பெட்டி

"முகமூடி" என்று மட்டும் போட்டால் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வருவாங்க. நுண்தூசு துணிக்குள்ளால போகும். என்95 வகை, மூக்குப் பாலத்தில் கம்பியை அமத்தி, ஓரத்தால் காற்றுக் கசியாமல். தாடிக்கு மேலால் அது ஒட்டாது, அவங்களைத் தூசு குறைந்த இடத்து வேலைக்கு மாத்துறதுதான் வழி. நெல் தூத்தும்போது காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறதும், ஆலைத் தரையைக் கூட்டுறதுக்கு முன் தண்ணி தெளிக்கிறதும் காசு செலவில்லாத வேலை. வேலை உடுப்போட மெத்தையில் சாயவே கூடாது, களஞ்சிய உண்ணியும் வீட்டு உண்ணியும் அங்க சேர்ந்திடும்.

மூச்சளவு

நோன்புக்கு: இரண்டு வேளை மருந்து சஹருக்கும் (விடியமுன் சாப்பிடும் நேரம்) நோன்பு திறந்த பிறகுக்கும் சரியாகப் பொருந்தும், காலை வேளையை விட்டுவிடத் தேவையே இல்லை. பகலில் பம்ப் இழுத்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கு, ஊர்ப் பள்ளிவாசலில் கேட்டு அந்த வரியை அவர்களைக் கொண்டே எழுதுவிப்பது நல்லது. மூச்சு முட்டினால் நீலப் பம்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை அதற்குப் பக்கத்திலேயே போடுங்க.

கடைசி வரியாக அவசரநிலை: ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசுவது, உதடு நீலமாவது, நீலப் பம்ப் இழுத்தும் குறையாதது. இடைக்குழாயால் 4 முதல் 10 அடி, ஒவ்வொன்றாக, 20 நிமிடத்துக்கு ஒருக்கா முதல் ஒரு மணித்தியாலத்துக்கு. ஆனால் அந்த மணித்தியாலத்தை வீட்டில் இருந்து கழிக்கக் கூடாது. முதல் சுற்றை அடிக்கும்போதே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து, வண்டிக்குள்ளும் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். போகும்போது பாவிக்கிற பம்புகளையும் கப்சியூல் போத்தலையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்க. குப்பியில் எழுதின திகதியைப் பார்த்தால் எவ்வளவு இழுத்திருக்கிறார் என்பது உடனே விளங்கும்.